சுவரில் இரண்டு, மரத்தடியில் இரண்டு

குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் ஆறு நாளாக ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நியேவெஸ் அதைக் கிழிக்கவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை.

'உங்கள் வீட்டு ஸ்பீக்கர்களின் சத்தம் பின்வேலியில் ஐம்பத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அளப்போம். தாண்டினால் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.' கீழே செயலாளரின் கையெழுத்து, லொரெய்ன் ஹாக்கட். பின்வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். புகார் கொடுத்தவளும் அவள்தான்.

இன்று சனிக்கிழமை.

காலை ஏழு மணிக்கே சான் அன்டோனியோவின் வெயில் கூரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. பின்முற்றத்தில் ஏணி போட்டு, சுவரிலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றைத் திருகு கழற்றி இறக்கிக்கொண்டிருந்தாள் நியேவெஸ். காபிக் கோப்பையோடு வெளியே வந்தான் மகன் ரொஹேலியோ. நேற்று இரவுதான் ஹூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான்.

"அப்பாடா. கடைசியில கழட்ட முடிவு பண்ணிட்டே."

"கழட்டல. கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். இதுக்கு ஜோடி பாக்கணும்."

"என்ன ஜோடி?"

"இன்னும் ரெண்டு வாங்கப்போறேன்."

ரொஹேலியோ கோப்பையைக் கீழே வைத்தான். "அம்மா, நேத்து நான் போனை வச்சு அளந்து பாத்தேன். வேலிகிட்ட அறுபத்திமூணு காட்டுது. ரெண்டுக்கே அறுபத்திமூணு. இன்னும் ரெண்டு சேத்தா என்ன ஆகும்னு நெனக்கிறே?"

"அஞ்சு மணிக்குத் தெரியும்."

அவள் பழைய துண்டொன்றை எடுத்து, குழந்தையைச் சுற்றுவதுபோல அந்த ஸ்பீக்கரைச் சுற்றினாள்.

முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டிய அவள் கணவர் அன்செல்மோ, எட்டு மாதத்துக்கு முன் இதே முற்றத்தில்தான் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. அதன் பிறகு முற்றத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தினாலே முகம் வெளிறும், இடது கையால் சக்கரத்தைப் பிடித்து உலுக்குவார். வீட்டுக்குள் டிவி ஓடினால் கண்ணை மூடிக்கொள்வார். புல்தரையின் கோடியில் நிற்கும் பீக்கன் மரத்தடி ஒன்றுதான் அவருக்குச் சம்மதம்.

அங்கே வைத்துத்தான் மூன்றாம் மாதம் அது நடந்தது. சுவர் ஸ்பீக்கரில் பொலேரோ என்ற பழைய காதல் பாட்டு ஒன்று ஓடியது. தண்ணீர் கேட்கக்கூட வார்த்தை வராத மனிதர், ஒரு வரி முழுவதையும் பிசகில்லாமல் பாடினார்.

"பேச்சு போற வழி அடைஞ்சுபோச்சு, பாட்டு போற வழி திறந்திருக்கு" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண். "தினமும் கூடப் பாடுங்க. விடாதீங்க."

நியேவெஸ் விடவில்லை. ஆனால் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் முப்பத்தைந்து அடி. அவர் காதுக்கு எட்டும்படி வைத்தால் மரத்துக்கும் பதினைந்து அடி தாண்டி லொரெய்னின் படுக்கையறைக்கும் எட்டியது. லொரெய்ன் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். பகலில்தான் தூங்க வேண்டும்.

ரொஹேலியோ வாங்கி வந்த ஹெட்போனை அன்செல்மோ பிய்த்து எறிந்தார். மேஜைமேல் வைத்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு முறை கீழே தள்ளினார். அதற்குப் பிறகுதான் ரொஹேலியோ ஹூஸ்டனில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நியேவெஸ் முடியாது என்றாள். அவன் மறுபடி கேட்டான். அவள் மறுபடி முடியாது என்றாள். போன வாரம் வரை கதை அதில்தான் நின்றது.

"சரி, ஒரு ஒப்பந்தம்" என்றான் ரொஹேலியோ இப்போது. "அஞ்சு மணிக்கு அம்பத்தஞ்சைத் தாண்டிச்சுன்னா, மறுபேச்சு இல்லாம நீயும் அப்பாவும் ஹூஸ்டன் வரணும்."

"தாண்டலைன்னா அந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"சரி" என்றான். சொல்லும்போது அவன் அம்மாவைப் பார்க்கவில்லை.

* * *

சாயோ பெனவீதெஸின் கடையில் கார் ஸ்டீரியோவும் வீட்டு ஸ்பீக்கரும் விற்பார்கள், பழுதும் பார்ப்பார்கள். சாயோ ரொஹேலியோவின் ஞானத்தாய். அந்த உறவில் இரண்டு பெண்களும் இருபத்தொன்பது வருடமாக ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றே கூப்பிட்டு வந்தார்கள்.

நியேவெஸ் துண்டைப் பிரித்து ஸ்பீக்கரைக் கல்லாவின்மேல் வைத்தாள்.

"இதே மாதிரி ரெண்டு குடு, கொமாத்ரே."

சாயோ மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பின்பக்கத்தைப் படித்தாள். "இந்த மாடலை நிறுத்தி ஆறு வருஷமாச்சு. எதுக்குக் கஷ்டப்படுறே? சுவர்ல இருக்கிற ரெண்டையும் கழட்டி மரத்துக்கிட்ட வச்சிடு. வேலை முடிஞ்சுது."

"முடியாது. நான் பாதி நாள் அடுப்படியிலயும் முற்றத்துலயும் நிக்கிறேன். எனக்கும் பாட்டு கேக்கணும். நான் ரெண்டாங்குரல் எடுத்தாத்தான் அவர் அடுத்த வரிக்குப் போறார். இல்லேன்னா முதல் வரியிலயே நின்னுடுறார்."

சாயோ கடையை நோட்டம் விட்டாள்.

நியேவெஸ் வாசலருகே இருந்த பெரிய சாம்பல்நிறக் கல்லைக் காட்டினாள். பார்க்கக் கல், உள்ளே ஸ்பீக்கர். "தோட்டத்துல வைக்கிறதுக்கு இது நல்லாருக்குமே?"

"பாக்க நல்லாருக்கும். பின்னால என்ன போட்டிருக்கு, படி."

"நாலு ஓம்."

"ஓம்ங்கிறது மின்தடை, அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபையருக்குப் பாரம் கூடும். உன் பழசு எட்டு. எட்டோட இன்னொரு எட்டை இணையாச் சேத்தா தடை பாதியாகி, உன் ஆம்ப்ளிஃபையருக்கு நாலு ஓம் சுமை. அதை அது தாங்கும். எட்டோட இந்த நாலைச் சேத்தா மூணுக்கும் கீழ போயிடும். அரை மணி நேரத்துல சூடேறி அணைஞ்சுடும். லொரெய்ன் வந்து நிக்கிறப்ப உன் வீட்டுல சத்தமே இருக்காது, அது வேணா லாபம்."

நியேவெஸ் கல்லை விட்டு நகர்ந்தாள்.

சாயோ மூன்று பெட்டிகளை இறக்கினாள். எல்லாமே எட்டு ஓம். ஆனால் கடைக்குள் ஒன்றையும் போட்டுக் காட்டவில்லை. நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பின்பக்கத்து வண்டி நிறுத்துமிடத்துக்குத் தூக்கிப் போனாள்.

"உள்ள நாலு சுவரும் சேர்ந்து பாடும், எதைப் போட்டாலும் கனமாக் கேக்கும். வெளியில பாடப்போறதை வெளியில வச்சுத்தான் கேக்கணும். கண்ணை மூடு. பழசும் புதுசும் மாத்தி மாத்திப் போடுறேன். எப்ப மாத்துறேன்னு சொல்லு."

முதல் ஸ்பீக்கருக்கு மாற்றியதும் நியேவெஸ் முகம் சுளித்தாள். "இப்ப. பாடுறவனுக்குச் சளி பிடிச்சிருக்கு."

இரண்டாவது. "இப்ப. இவன் தகர டப்பாக்குள்ள நின்னு பாடுறான்."

"ரொம்பப் பேருக்கு இது தெரியாது. போதும்னு வாங்கிட்டுப் போயிடுவாங்க."

"எனக்குத் தெரியுதே. அவருக்கும் தெரியும். சுவர்ல ஒருத்தன், மரத்தடியில ஒருத்தன்னு ரெண்டு பேர் பாடினா அவர் மிரண்டுபோவார். ஒரே ஆளாத்தான் இருக்கணும்."

மூன்றாவது, பழையதைச் செய்த அதே கம்பெனியின் சிறிய மாடல். காட்சிக்கு வைத்திருந்த ஜோடி. ஒன்றின் வலையில் கீறல். நிறமும் வேறு, வெள்ளை.

பாட்டு ஓடியது. கண்ணை மூடி நின்ற நியேவெஸின் நெற்றியில் வியர்வை வழிந்தது. பல்லவி முடிந்து அக்கார்டியன் வந்து, மறுபடி குரல் வந்தது.

"போடு, கொமாத்ரே. மாத்து."

"நாலு தடவை மாத்திட்டேன்."

நியேவெஸ் கண்ணைத் திறந்தாள்.

"இது கொஞ்சம் மெல்லப் பாடும்" என்றாள் சாயோ. "அதே மின்சாரத்துக்குப் பழசைவிடச் சத்தம் கம்மி. அதனால சுவர் ஜோடிக்குத் தனியா ஒரு சத்தத் திருகு வச்சு அதை இறக்கிடணும். ரெண்டையும் சமம் பண்ணிடலாம். வெள்ளையா இருக்கேன்னு பாக்குறியா?"

"அவர் காதுக்கு நிறம் தெரியாது. கட்டு."

* * *

மதியம் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு ஒயரும் கருவிகளுமாகச் சாயோ வந்து சேர்ந்தாள். கழற்றிய பழைய ஸ்பீக்கரை முதலில் சுவரில் மாட்டினாள். மண்ணில் புதைக்கக்கூடிய தடித்த ஒயர். புல்தரை ஓரமாக முப்பத்தைந்து அடிக்குச் சின்ன வாய்க்கால் வெட்ட வேண்டும். நூறு டிகிரி வெயிலில் நியேவெஸ் மண்வெட்டியை எடுத்தாள்.

பத்தடி வெட்டியதும் ரொஹேலியோ வந்து கைநீட்டினான். "குடும்மா."

"நீ எதிர்க்கட்சி."

"எதிர்க்கட்சியும் மண்ணு வெட்டலாம். குடு."

அவன் வெட்டினான். வேகமாகவும் கோபமாகவும் வெட்டினான். மரத்தடிக்குப் போனதும், சாயோ இரண்டு குட்டைக் கம்பங்களை எங்கே நடுகிறாள் என்று பார்த்துத் திகைத்தான்.

"வேலிக்கு இவ்வளவு பக்கத்துலயா? எந்தச் சத்தத்தைக் குறைக்கணுமோ அதை அவ வீட்டு வாசல்லயே கொண்டுபோய் வைக்கிறீங்களே."

"ஏண்டா ரொஹே, உன் காதுக்குப் பக்கத்துல வந்து பேசினா நான் கத்தணுமா?" என்றாள் சாயோ. "தூரத்துல இருக்கிறவன்தான் கத்தணும். சுவர்ல இருக்கிற ரெண்டும் இத்தனை நாளா லொரெய்னைப் பாத்துக் கத்திச்சு. இனிமே அது முற்றத்துக்கு மட்டும் பேசினா போதும். இது ரெண்டும் உங்கப்பாவுக்குப் பேசும். முகம் உங்கப்பா பக்கம், முதுகு அவ பக்கம்."

நாற்காலியில் உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வெள்ளை ஸ்பீக்கர்கள் நின்றன. வேலிக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்தபடி. இரண்டரைக்கு அன்செல்மோவைத் தள்ளிக்கொண்டு வந்து அவற்றின் எதிரே நிறுத்தினாள் நியேவெஸ்.

பாட்டு தொடங்கியது.

அன்செல்மோவின் தலை படாரென்று சுவர்ப் பக்கம் திரும்பியது. பிறகு மரத்தின் பக்கம். மறுபடி சுவர். இடது கை சக்கரத்தைப் பற்றியது. நியேவெஸுக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

அவர் கை சக்கரத்தை விட்டு மேலே எழுந்தது. உள்ளங்கை கீழே பார்க்க, காற்றை மெல்ல அழுத்தியது.

"குறைக்கச் சொல்றார்" என்றாள் நியேவெஸ்.

சாயோ சுவர் ஜோடியின் திருகைக் குறைத்தாள். கை இன்னும் அழுத்தியது. மொத்தச் சத்தத்தையும் குறைத்தாள். இன்னும் கொஞ்சம். கை நின்றது. அன்செல்மோ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போயிற்று.

ஆனால் பாடவில்லை. மூன்று பாட்டு ஓடின. உதடு அசையவில்லை. முற்றத்திலிருந்து நியேவெஸ் இரண்டாங்குரல் எடுத்துப் பார்த்தாள். தனியாகப் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

* * *

சரியாக ஐந்து மணிக்கு லொரெய்ன் தன் பக்கத்து வேலியருகே வந்து நின்றாள். இரவுப் பணிக்கான நீலச் சீருடை. கையில் அட்டையும் ஒரு சின்ன அளவுக் கருவியும். மார்பளவு வேலிக்கு இந்தப் பக்கம் நியேவெஸ், அவளுக்குப் பின்னால் போனைப் பிடித்தபடி ரொஹேலியோ.

"எப்பவும் வைக்கிற மாதிரி வையுங்க, மிசஸ் அர்ரெடோண்டோ. எனக்காகக் குறைக்க வேண்டாம்."

"எப்பவும் இனிமே இப்படித்தான்."

"சரி, ஆன் பண்ணுங்க."

"ஓடிட்டுதான் இருக்கு."

லொரெய்ன் காதைச் சாய்த்தாள். அவள் வீட்டு ஏசியின் உறுமலுக்கு அடியில் எங்கேயோ ஓர் அக்கார்டியன் கேட்டது. கருவியை நீட்டினாள். ஐம்பத்தொன்று. நாலடி தள்ளிப் போய் நீட்டினாள். ஐம்பது. திரும்பி வந்து மறுபடி நீட்டினாள். ஐம்பத்தொன்று.

"எனக்கும் அம்பத்தொண்ணுதான்" என்றான் ரொஹேலியோ, யாரும் கேட்காமலே.

லொரெய்னின் பார்வை கம்பத்து வெள்ளை ஸ்பீக்கர்கள்மேல் விழுந்தது. "ரெண்டா இருந்தது நாலா ஆயிருக்கு. இதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"எத்தனை வைக்கலாம்னு விதியில இல்ல. பன்னெண்டு பக்கமும் படிச்சேன். சத்தத்துக்குத்தான் கணக்கு. வேணும்னா உள்ள போய் எடுத்துட்டு வர்றேன், நீங்களே பாருங்க."

"வேண்டாம்." லொரெய்ன் அட்டையில் எழுத ஆரம்பித்தாள். பேனா பாதியில் நின்றது. "மத்தியானமும் ஓடிச்சா?"

"ரெண்டரையில இருந்து."

"நான் நாலரை வரைக்கும் தூங்கினேன்." அதை அவள் வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னாள். "கழட்டிட்டீங்கன்னு நெனச்சேன்."

"அஞ்சு மாசமா உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன், லொரெய்ன். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றாள் நியேவெஸ். "பாட்டுக்குக் கேக்க மாட்டேன்."

லொரெய்ன் நிமிர்ந்து பார்த்தாள். கையெழுத்துப் போட்டுத் தாளைக் கிழித்து வேலிக்கு மேல் நீட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

நியேவெஸ் அந்தத் தாளை மகனிடம் கொடுத்தாள். "படிச்சுக்கோ."

* * *

ஆறு மணிக்கு முற்றத்து அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. சாயோ சோள ரொட்டிகளைச் சுட்டுத் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரொஹேலியோ மட்டும் சாப்பிட உட்காரவில்லை. காரிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து நின்றான்.

"அம்மா. நான் வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுல?"

"ஹூஸ்டன் இல்லத்துல. அறை ஒதுக்கியாச்சு. திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வண்டி வருது."

அன்செல்மோவின் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமை மகனிடம் இருந்தது. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவரே நம்பி எழுதிக் கொடுத்தது.

நியேவெஸ் இடுக்கியைக் கீழே வைத்தாள். "அப்ப காலைல என்கூட எதுக்கு ஒப்பந்தம் போட்டே?"

"நீ தோத்துடுவேன்னு நெனச்சேன். தோத்துட்டா இதைக் காட்டவே வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன்."

"வெக்கமா இல்லையா உனக்கு?"

"இருக்கு." அவன் குரல் உடைந்தது. "போன மாசம் நீ அடுப்படியில மயங்கி விழுந்தே. கால் மணி நேரம் தரையில கிடந்திருக்கே. எனக்கு நீ சொன்னியா? சாயோ சொல்லித்தான் தெரியும். அவரைத் தூக்கித் தூக்கி நீ செத்துப்போயிட்டா அப்புறம் அப்பாவை யாரு பாத்துக்கிறது? ஸ்பீக்கர் வந்து உன்னைத் தூக்குமா?"

நியேவெஸ் சாயோவைப் பார்த்தாள். சாயோ ரொட்டித் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் விழுந்தேன், எழுந்துட்டேன்" என்றாள் நியேவெஸ். "எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு சொல்லு, கேக்குறேன். அவரை அனுப்பணும்னு சொன்னா, அந்த வண்டிக்கு முன்னால நான் படுத்துக்குவேன். டிரைவர்கிட்ட சொல்லிடு."

அப்போதுதான் மூவரும் அதைக் கேட்டார்கள்.

மரத்தடியில் அன்செல்மோ பாடிக்கொண்டிருந்தார். கரகரத்த, தளர்ந்த குரல். ஆனால் சொற்கள் ஒவ்வொன்றும் முழுதாக வந்தன. ரயிலடியில் யாருக்காகவோ காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு. முதல் வரி முடிந்து அவர் நின்றார். நியேவெஸ் இருந்த இடத்திலிருந்தே இரண்டாங்குரல் எடுத்தாள். அவர் அடுத்த வரிக்குப் போனார். அதற்கடுத்த வரிக்கும் போனார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு பாட்டைக் கடைசி வரை கொண்டுபோனார்.

ரொஹேலியோ உறையோடு புல்தரையைக் கடந்து போனான். அப்பாவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். பாட்டு முடிந்து, அடுத்தது தொடங்கும் முன் வரும் அந்த நிசப்தத்தில் மெதுவாகக் கேட்டான்.

"அப்பா. ஹூஸ்டன்ல நல்ல டாக்டருங்க இருக்காங்க. அம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். திங்கக்கிழமை போலாமாப்பா?"

அன்செல்மோ மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த உறையைப் பார்த்தார். வாய் திறந்தது, கோணியது, மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை நாற்காலியின் பிடியில் தாளம் போட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"மாட்... டேன்."

முடிந்துபோன பாட்டின் கடைசிச் சுரத்தில், பாட்டாகத்தான் வந்தது அந்தச் சொல். முற்றத்தில் சாயோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்செல்மோவின் கை தாளத்தை நிறுத்தியது. மூச்சை இழுத்துக்கொண்டு மகனின் கண்ணைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார்.

"மாட்டேன்."

இந்த முறை அதில் ராகம் இல்லை.